ஏழாம் கட்டத்துப் பொருக்கு

மச்சான் வருகிறார் என்று கேட்டதும் முதலில் சந்தோஷப்பட்டவன் அவன்தான். வறண்ட நில ஆய்வு நிலையத்தில் ஒரு விஞ்ஞானி பணியிடம் காலியாக இருக்கிறது, அண்ணனை விண்ணப்பிக்கச் சொல்லட்டுமா என்று மனைவி கேட்டபோது, "இதுல என்ன கேள்வி, வரச் சொல்லு. வீட்டுல பேச ஒரு ஆள் ஆச்சு" என்று சொன்னவனும் அவன்தான். பின்னால் எத்தனையோ முறை அந்த வாயை நொந்துகொண்டான்.

நிலையத்தில் அவனுக்குப் பெயர் 'புதர்'. கேலியாகத் தொடங்கி மரியாதையாக நிலைத்துவிட்ட பெயர். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த நீளமான சரிவில், இடுப்புயரம் வளரும் சாம்பல் நிறப் புதர்களைப் பதினோரு வருடங்களாக அவன் கவனித்து வந்தான். வருடத்துக்கு நாலைந்து மழை பெய்தாலே அதிகம் என்கிற மண் அது. மழை நின்று மூன்று வாரம் ஆன பிறகும் புதரின் அடியில் மண் ஈரமாக இருக்கும். இரண்டடி தள்ளித் தோண்டினால் புழுதி பறக்கும். நிழல், உதிர்ந்த இலை, வேர் போட்டுவைத்த வழி எல்லாம் சேர்ந்து, புதர் தனக்கான தண்ணீரைத் தானே தேடி வைத்துக்கொள்கிறது என்பதுதான் அவன் ஊருக்குச் சொன்ன செய்தி. அவனுடைய கட்டுரைகளில் ஒவ்வொரு புதருக்கும் எண் உண்டு, படம் உண்டு. புதர்களுக்கு நடுவே கிடந்த தரைக்கு மட்டும் ஒரே சொல்: வெற்று நிலம்.

மனைவி அதே நிலையத்தின் கருவிக்கூடத்தில் வேலை பார்த்தாள். மண்ணில் செருகி ஈரத்தை அளக்கும் ஈரமானிகளைச் செய்பவளும் பழுது பார்ப்பவளும் அவளே. உடைந்துபோன ஈரமானி ஒன்றை அவன் கொண்டுபோய் அவள் மேஜையில் வைத்ததில் ஆரம்பித்த பேச்சு, கல்யாணம் வரை போய்விட்டது. தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து அன்றைய ஈரக்கோடுகளை இருவரும் பார்ப்பார்கள். "பதினாலு இன்னிக்கும் தாக்குப்பிடிக்குது பாருங்க" என்பாள். பதினாலாம் எண், அவனுடைய மூத்த புதர். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அதன் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று நாள் தவறாமல் விசாரிக்கப்பட்டது.

மச்சான் ஒரு பெட்டியோடும், கழுத்தில் தொங்கிய ஒரு பூதக்கண்ணாடியோடும், முடி வெட்டும் கடையில் தலைக்குத் தண்ணீர் அடிப்பார்களே அந்த மாதிரி ஒரு தெளிப்பானோடும் வந்து இறங்கினார். மனைவியைவிட ஆறு வயது மூத்தவர். தனிக்கட்டை. குடியிருப்பில் அறை கிடைக்கும்வரை முன்னறையில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. பத்து நாளில் அறை கிடைத்தது. "அங்க போய் தனியா என்ன பண்ணப் போறே, இங்கேயே இரு" என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். வீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்த மூன்றாம் நாள் காலையில் மூவரும் சரிவுக்குப் போனார்கள். பதினாலாம் புதரைக் காட்ட அவன் வேகமாக முன்னால் நடந்தான். திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. மச்சான் பாதி வழியிலேயே வெற்று நிலத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

தரையில், ஆறிய காயத்தின் மேல் படிந்த பக்குபோல, கறுப்பாக, சொரசொரப்பாக ஒரு பொருக்கு. அவன் பதினோரு வருடமாகப் பார்த்த பொருக்குதான். மச்சான் தெளிப்பானை நாலு அழுத்து அழுத்தினார். கறுப்பு மெல்ல நெகிழ்ந்தது. பத்து எண்ணுவதற்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை பூத்துவிட்டது.

"அய்யோ, உயிரோட இருக்கு" என்றாள் மனைவி.

"செத்தா போச்சு? தூங்கிட்டு இருந்துச்சு. பாசி, பூஞ்சை இழை, கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க, எல்லாம் சேர்ந்து மண்ணைப் பின்னிப் பிடிச்சு வெச்சிருக்கு. தண்ணி பட்டா முழிச்சுக்கும்."

அவள் இரண்டு முழங்காலையும் மண்ணில் ஊன்றி, மூக்கு தரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, அண்ணனின் கழுத்திலிருந்த பூதக்கண்ணாடியைக் கயிற்றோடு இழுத்து வாங்கிப் பார்த்தாள். கயிறு கழுத்தை இறுக்க, அவரும் சிரித்துக்கொண்டே கூடவே குனிந்தார். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் பதினாலாம் புதருக்குப் பக்கத்தில் நின்று, கூப்பிட வாயெடுத்து, மூடிக்கொண்டான்.

ஒரே வாரத்தில் நிலையத்தார் மச்சானுக்கும் 'பொருக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் ஒன்றிரண்டு எழுத்தை மாற்றினால் என்ன வரும் என்று அவன் மனதுக்குள் மாற்றிப் பார்த்துக்கொண்டான். அந்த வாரத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

வீட்டில் பேச்சு மாறியது. அண்ணனும் தங்கையும் சாப்பிட உட்கார்ந்தால் சின்ன வயதுக் கதைகள்தான். ஒருவர் பாதி சொன்னதும் மற்றவர் சிரித்துவிடுவார். மீதியை யாரும் சொல்லமாட்டார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரியாமல் அவன் எப்போதும் ஒரு வாய் தாமதமாகச் சிரித்தான். மடிக்கணினி மேஜைக்கு வருவது நின்றது. ஒரு நாள் அவனே எடுத்து வந்து திறந்தான். "பதினாலு இருக்கட்டும். அதுக்கு மேல இருக்கிற தரையில எவ்வளவு ஈரம் இருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"அங்க நான் அளக்கல."

"ஏன்?"

பதினோரு வருடம் கேட்காத கேள்வி. அவன் மடிக்கணினியை மூடினான்.

மூன்று வருடங்களுக்கு முன் ஆளுயர ஆழத்தில் ஈரம் அளக்க ஒரு நீளமான ஈரமானி செய்து தரச் சொல்லி அவளிடம் கேட்டிருந்தான். அந்த ஆழத்தில் கம்பி தாங்காது என்று சொல்லிவிட்டாள். உண்மைதான், தாங்காதுதான். ஆனால் பொருக்கின் மேல்தோலில், நகக்கண் அளவு ஆழத்தில் ஈரம் அளக்க வேண்டும் என்று அண்ணன் கேட்டதும், ஊசி போல மெல்லிய ஈரமானிகளை ஒன்பது நாளில் செய்து முடித்தாள். பற்றவைப்புச் சூடு பட்டு விரல் நுனி கொப்பளித்திருந்தது. அதை ஊதி ஊதி அண்ணனிடம் காட்டிச் சிரித்தாள். அவன் மருந்து எடுத்து வருவதற்குள் மச்சான் பூசிவிட்டிருந்தார். வீட்டில் மருந்து எங்கே இருக்கும் என்பதுகூட அந்த மனிதருக்குத் தெரிந்துவிட்டது.

சரிவில் புதர்களுக்கு மேற்புறம் இருந்த தரையை இயக்குநர் அம்மா மச்சானுக்கு ஒதுக்கினார். கயிறு கட்டிப் பத்துக் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஏழாம் கட்டம் பதினாலாம் புதருக்கு நேர் மேலே வந்தது.

மாதாந்திரக் கூட்டத்தில் மச்சான் எழுந்து பேசினார். பொருக்கு ஒரு கூரை மாதிரி என்றார். மழை பெய்தால் அதில் முதலில் கொஞ்சம் ஊறும். அப்புறம் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். மீதித் தண்ணீர் வழுக்கிக்கொண்டு கீழே போய்ப் புதரடியில் இறங்கும். "நம்ம மாப்பிள்ளை அளந்த தண்ணி பொய்யில்லை. ஆனா அது புதர் மேல விழுந்த தண்ணி மட்டும் இல்லை. மேல இருந்து வந்த தண்ணியும் சேர்ந்ததுன்னு நினைக்கிறேன்."

"அப்போ இத்தனை வருஷமா நாம பாதிக் கதையைத்தான் படிச்சிருக்கோம்" என்றார் இயக்குநர் அம்மா.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தலையாட்டல் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்து, எடுக்க எடுக்க உள்ளே போனது.

நாலு நாள் கழித்து, மதிய வெயிலில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், சரிவில் ஒரு பதிவுப்பெட்டிக்குப் பேட்டரி மாற்றப் போனான். பெட்டி ஏழாம் கட்டத்தின் ஓரத்தில் இருந்தது. வேலையை முடித்து, பெட்டியிலிருந்த பேட்டரிப் புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்திட்டான். சுற்றிப் போனால் நூறு அடி. கயிற்றைத் தாண்டினால் பத்தடி. தாண்டினான்.

காலணிக்கு அடியில் பொருக்கு நொறுங்கியது. சருகு நொறுங்குவது போலச் சின்னச் சத்தம். அவன் நின்றான். திரும்பி வந்திருக்கலாம். இன்னொரு அடி வைத்தான். அதுவும் நொறுங்கியது. அப்புறம் அவன் நடந்தான். மேலே, கீழே, மறுபடி மேலே, குதிகாலைத் திருகித் திருகி, ஓரம் விடாமல். கூட்டத்தில் ஆடிய தலை, கழுத்தோடு இழுபட்ட பூதக்கண்ணாடி, விரலில் பூசிய மருந்து எல்லாவற்றின் மேலும் நடந்தான். உடம்பெல்லாம் வேர்த்து ஓய்ந்தபோது அந்த இடம் முழுக்க வெளிறிய புழுதியாகக் கிடந்தது. நெடுநாளைக்குப் பிறகு மூச்சு தாராளமாக வந்தது. அது ஐந்து நிமிடம் நீடித்திருக்கும். பிறகு காலணித் தடங்களைப் பார்த்தான். ஒடிந்து கிடந்த கிளை ஒன்றை எடுத்து, தடம் தெரியாமல் பெருக்கிவிட்டு இறங்கினான்.

மறுநாள் மதியம் புழுதியைப் பார்த்ததும், ஆடுகள் புகுந்துவிட்டன என்று காவலாளி சொன்னார். கீழ்ப்பக்க வேலியில் ஓர் ஓட்டை ரொம்ப நாளாகவே இருந்தது. மச்சான் கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் கயிற்றுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு சிட்டிகைப் புழுதியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இந்தத் தடிமன் வர இருபது வருஷம் ஆகியிருக்கும் மாப்பிள்ளை" என்றார் கடைசியில். பிறகு தங்கையைப் பார்த்து, "ஆடுதானா?" என்று கேட்டார்.

"ஆடாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே அவனும் மச்சானும் சேர்ந்து வேலி ஓட்டையை அடைத்தார்கள். மச்சான் கம்பியை இழுத்துப் பிடிக்க, இவன் முறுக்கினான். "நல்லவேளை நீங்க இருக்கீங்க" என்றார் மச்சான். அவன் கம்பியை இன்னொரு முறுக்கு முறுக்கினான்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை பத்து மணிக்கு மழை வந்தது. எல்லோரும் சரிவு ஓரத்துத் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். மற்றக் கட்டங்கள் கண்ணெதிரே கறுத்துப் பச்சையாயின. கொஞ்ச நேரத்தில் அவற்றின் மேல் தண்ணீர் கண்ணாடித் தகடு போல நகர்ந்து புதர்களின் காலடிக்கு இறங்கியது. ஏழாம் கட்டத்தில் மட்டும் எதுவும் நகரவில்லை. பொருக்கு உடைந்த மணல், தண்ணீரை விழுந்த இடத்திலேயே குடித்தது. எட்டாம் கட்டத்துக்குக் கீழே இருந்த புதரைச் சுற்றிக் குட்டை நின்றது. பதினாலாம் புதரின் அடியில் மேலே இருந்து ஒரு சொட்டு வரவில்லை.

அவன் கொட்டகையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் வந்த நாட்களில் ஈரக்கோடுகள் சொன்னதும் அதையேதான். ஏழாம் கட்டம் குடித்த தண்ணீர் ஆழம் போகவில்லை. மேலாகவே நின்று, நாலே நாளில் வெயிலுக்குப் போய்விட்டது. மற்றப் புதர்கள் வழக்கம்போல மூன்று வாரம் ஈரத்தோடு இருந்தன. பதினாலு ஒரு வாரத்தில் வறண்டது. அடுத்த மழை தள்ளிப் போகவே, அதன் இலைகள் சுருண்டன. மேற்குப் பக்கக் கிளைகள் இரண்டு கருகின.

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. "நானா செய்யணும்னா அனுமதி வாங்கவே ரெண்டு வருஷம் ஆகியிருக்கும். ஆடு வந்து செஞ்சு குடுத்துட்டுப் போயிருக்கு" என்றார். இரவும் பகலும் கட்டுரை எழுதினார். ஒரு நாள் சாப்பிடும்போது, "மாப்பிள்ளை பேரும் இதுல இருக்கணும். பதினாலோட பதினோரு வருஷப் பதிவு இல்லேன்னா என் பேச்சுக்கு ஆதாரமே இல்லை. 'ஆடுகள் மிதித்த கட்டம்'னு எழுதியிருக்கேன், ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்று தாள்களை நீட்டினார்.

அவன் படித்தான். எழுத்துகள் நகர்ந்தன. பாத்திரம் கழுவப் போன மனைவியின் பின்னாலேயே சமையலறைக்குப் போனான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் குழாயை மூடவில்லை. "சொல்லுங்க."

"அது ஆடு இல்லை."

"தெரியும்."

அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.

"ஆடு பேட்டரிப் புத்தகத்துல கையெழுத்துப் போடாது" என்றாள் அவள். "ஒண்ணு அஞ்சுக்கு உங்க கையெழுத்து. ஒண்ணு இருபதுக்கு முதல் ஊசி செத்துச்சு. ஒண்ணே முக்காலுக்குள்ள ஆறும் போச்சு. மறுநாள் காலையிலேயே பார்த்துட்டேன்."

ஊசிகள். அவள் விரல் கொப்பளிக்கச் செய்த ஊசிகள் அந்தப் பொருக்கில்தான் இருந்தன என்பது மிதித்தபோதும் பெருக்கியபோதும் அவனுக்குத் தோன்றவே இல்லை.

"ஏன் கேட்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வாரம், ரெண்டு வாரம். இப்போ எட்டு வாரம் ஆச்சு." குழாயை மூடினாள். "பொருக்கை மிதிச்சீங்க, அது உங்க புத்தி. ஆனா அண்ணன் கேட்டப்போ நான் ஆடுன்னு சொன்னேன் பாருங்க, பொறந்ததுல இருந்து அவன்கிட்ட நான் சொன்ன முதல் பொய் அது. உங்களுக்காகச் சொன்னேன். அதை எப்படி நான் மறக்கிறது?"

மறுநாள் காலை சரிவில் வைத்து மச்சானிடம் சொன்னான். வேறெங்கே சொன்னாலும் பாதியில் நிறுத்திவிடுவோம் என்று பயந்தான். மச்சான் முழுதும் கேட்டார். முகம் சுண்டிப்போனது.

"ஆடா இருந்தா மன்னிச்சிருப்பேன்" என்றார். கையிலிருந்த பலகையில் தாளைத் திருப்பினார். "காலணி அளவு?"

"என்ன?"

"கட்டுரையில பொய் இருக்கக் கூடாது. காலணி அளவு என்ன?"

"ஒன்பது."

"எடை?"

"எழுபத்தெட்டு."

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

"எத்தனை தடவை மேலயும் கீழயும்?"

"எண்ணல மச்சான். பத்து, பன்னிரண்டு இருக்கும்."

"பத்தா, பன்னிரண்டா?"

"பன்னிரண்டு."

இப்படியே முக்கால் மணி நேரம். குதிகாலைத் திருகினானா, பெருக்கிய கிளை எவ்வளவு நீளம், எந்தத் திசையில் பெருக்கினான். ஒவ்வொன்றையும் அவர் எழுத எழுத அவன் கூசிக் குறுகினான். அடித்திருந்தால் தேவலாம் போலிருந்தது. கடைசியில் மச்சான் பேனாவை மூடினார்.

"ஏன்னு எழுதறதுக்குக் கட்டுரையில இடம் கிடையாது. ஆனா எனக்குத் தெரியணும்."

அவன் எத்தனையோ காரணம் யோசித்து வைத்திருந்தான். வந்தது வேறு. "அவ என் புதருக்காக ஒரு நாளும் முட்டி போட்டதில்லை மச்சான்."

மச்சான் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு குடியிருப்பு அறைக்கு மாறினார்.

விஷயம் தெரிந்ததும் இயக்குநர் அம்மா, ஒரு வருடத்துக்கு அவன் சரிவுப் பக்கம் போகக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். அவன் மண் மாதிரிகள் வைக்கும் கிடங்கில் உட்கார்ந்து, சல்லடையில் மண் சலித்தான். 'புதர்' என்று கூப்பிட்டவர்கள் கொஞ்ச நாள் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. வீட்டில் மனைவி தேவைக்கு மட்டும் பேசினாள். முன்னறை காலியாக இருந்தது. எந்த அறை காலியாக வேண்டும் என்று அத்தனை நாள் ஏங்கினானோ, அதன் வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டுத் திரும்புவான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் செத்துப்போன ஆறு ஊசிகளைச் சாப்பாட்டு மேஜையில் கொட்டினாள். "உட்காருங்க. கம்பி மேல இருக்கிற உறையைச் சீவுங்க. ஆழமா வெட்டிடாதீங்க." அவன் சீவினான். இரண்டைப் பாழாக்கினான். மூன்றாவது தேறியது. "பரவாயில்லை" என்றாள், தலை நிமிராமலே. அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு அதுதான் வேலை.

கட்டுரை வெளிவந்தது. மூன்று பேருடைய பெயரும் இருந்தது, அவனுடையது கடைசியில். 'ஆய்வாளர் ஒருவர் அனுமதியின்றி மிதித்த கட்டம்' என்று மச்சான் எழுதியிருந்தார்; எடை, காலணி அளவு, தடவை எல்லாம் அட்டவணையில் இருந்தன. அவனைப் பார்க்கும் இடத்திலெல்லாம் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். ஏழாம் கட்டத்தில் அக்கம்பக்கத்துப் பொருக்கைப் பொடித்துத் தூவி வைத்தார் மச்சான். ஒரு வருடம் கழித்து அவன் முதல் முறையாகச் சரிவேறியபோது தரை இன்னும் வெளிறித்தான் கிடந்தது. பதினாலாம் புதர் பாதியாகிவிட்டிருந்தது. மச்சான் அவனைப் பார்த்து, "கயிற்றைச் சுத்தி வாங்க" என்றார். அவர் அவனிடம் நேராகப் பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது. அவன் நூறு அடி சுற்றிப் போனான்.

அடுத்த மாதம், தொலைவில் இன்னொரு வறண்ட நிலத்தில் இதே அளவீட்டைச் செய்ய மச்சானுக்கு அழைப்பு வந்தது. மூன்று மாத வேலை. ஊசிகளை நட்டுப் பார்த்துக்கொள்ள அவளும் வர வேண்டும். அன்று சாயங்காலம் அவள் அதைச் சொன்னபோது அவன் மடிக்கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வயிற்றில் பழைய நெருப்பு அப்படியே எழுந்தது. மூன்று மாதம். அண்ணனும் தங்கையும். அந்தக் கதைகள், அந்தப் பாதிச் சிரிப்பு.

"போயிட்டு வா" என்றான்.

"முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

"எரியுதுதான். இல்லைன்னு சொன்னா நீ நம்பமாட்டே." துணியை மடித்து வைத்தான். "போயிட்டு வான்னு சொல்றதும் நிஜம்தான்."

அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு தாளை அவன் பக்கம் தள்ளினாள்.

"நான் இல்லாதப்போ கருவிக்கூடத்துல என்னென்ன பண்ணணும்னு சொல்றேன், எழுதிக்கோங்க. முதல்ல, என் சால்டரிங் அயனை யாருக்கும் இரவல் குடுக்கக் கூடாது."

"மச்சானுக்கும் குடுக்கக் கூடாதுதானே?"

"அவன் என்கூட வர்றான்" என்றாள் அவள். அவன் பேனாவை எடுத்தான்.